கொரிய மாலுமி கோட்டை வாயிலைக் கடந்த செய்தி

வளைகடல் நாட்டில் நெல்லும் நீரும் குறையாதிருக்க, அதன் காவலர் ஆழிமாறப் பெருவேந்தரின் குடைநிழல் நீள்க. கீழைத்துறைக் கோட்டை அமைச்சன் இளவேட்டன் அடிபணிந்து விடுக்கும் ஓலை.

பகைவரின் ஒற்றர் வணிகர் வேடத்தில் உலவுவதால் கோட்டைக்குள் தங்கியுள்ள அயல்நாட்டார் எவரும் வாயிலைக் கடந்து வெளியேறலாகாது, கடந்தால் அம்பெய்க எனத் தேவரீர் இட்ட ஆணையை வழுவாது காத்து வந்தேன். அரபு வணிகர் தம் நோன்புப் பெருநாள் தொழுகையைப் பண்டசாலைக்குள்ளேயே முடித்தனர். சீனரும் முழுநிலா விழாவின் விளக்குகளைத் தம் முற்றத்தோடு நிறுத்திக்கொள்ள இசைந்தனர். கொரிய மாலுமிகளின் தலைவன் பெக் துசான் மட்டும் இசையவில்லை.

அறுவடைக்காலத்து முழுநிலா நாள் அவர்களுக்குப் பெருநாள். கல்லறைப் புல்லை அறுத்துச் சீர்செய்து, புத்தரிசிப் பண்டம் படைத்து, இறந்தோரை வணங்குவது அவர்கள் மரபு. சென்ற மாரியில் காய்ச்சல் கண்டு மாண்ட அவன் தம்பி, கோட்டைக்கு வெளியே மணல்மேட்டில் புதைக்கப்பட்டுள்ளான். அங்குச் சென்றுவர இருமுறை துசான் விடை கேட்டான், இருமுறையும் மறுத்தேன். மூன்றாம் முறை மொழிபெயர்ப்பாளன் வாயிலாக அவன் சொன்னது இது: “என் தம்பியின் தலைமேல் புல் மண்டிக் கிடக்கிறது. அதை அறுக்காமல் பண்டிகைச் சோறு எனக்கு எப்படி இறங்கும்?”

நேற்றுக் காலை, மீன்கூடைகளுக்காக வாயில் திறந்தபோது, அவன் கையில் அரிவாளோடு தனியே வெளியேறினான். மதில்மேல் பன்னிரு வில்லாளர் நாணேற்றினர். இரும்பு ஏந்திச் செல்கிறான், எய்ய விடை தருக என்று அவர்கள் தலைவன் வழுதி கேட்டான். ஆணை தெளிவாக இருந்தும் நான் எய்யச் சொல்லவில்லை. பொறுக்குமாறு கை காட்டினேன்.

மாலுமி திரும்பியும் பாராமல் மேட்டில் மண்டியிட்டுப் புல் அறுத்தான். வாழையிலையில் பொதிந்து கொணர்ந்த பண்டத்தை வைத்து, நெற்றி நிலத்தில் பட இருமுறை வணங்கினான். பின்னர் எழுந்து பக்கத்துப் புதைகுழிக்குச் சென்றான். அதில் கிடப்பவன் அதே காய்ச்சலில் மாண்ட நம் வீரன், வழுதியின் உடன்பிறந்தான். காவற்பணி மிகுதியால் நம்மவர் எவரும் அப்பக்கம் செல்லாமல் அங்கும் புல் முழங்காலளவு நின்றது. அதையும் அறுத்து, ஒரு பண்டம் வைத்து, வணங்கினான்.

வழுதி வில்லைத் தாழ்த்தினான். நான் சொல்லி அவன் தாழ்த்தவில்லை.

மாலுமி தானே திரும்பி வந்து, என் முன் அரிவாளைக் கீழே வைத்துக் கட்டுவதற்குக் கைகளை நீட்டினான். நான் கட்டவில்லை.

இனி அயலார் தத்தம் பெருநாளில் காவலரோடு வெளிச்சென்று வரலாம் என்று ஆணையிட்டுள்ளேன். இது தேவரீர் ஆணைக்கு மாறானது, அறிந்தே செய்தேன். தண்டம் உண்டெனில் அது எனக்கே ஆகுக. வில்லாளர் என் கைக்குக் கட்டுப்பட்டு நின்றவர்கள். இவ்வோலையில் பொறித்த என் அமைச்சு முத்திரையை இதனுடனேயே திருமுன்பு அனுப்புகிறேன். மறுமொழி வரும்வரை, அமைச்சனாக அன்றி, வாயில் காவலருள் ஒருவனாக நிற்பேன்.