பெயர்களை எடுக்காதே

மூர்மன்ஸ்க்,
3 மார்ச் 1982

அன்பு மகள் தயீசியாவுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், கால் வீக்கம் வடிந்துவிட்டது. இதைத் தபாலில் போடப் பயம். நீ இருக்கும் லெனின்கிராடுக்குப் போகும் ரயிலில் வேலை பார்க்கும் ரீம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

உனக்கு முன்னால் உன் பாட்டு ஊர் வந்துவிட்டது. அப்பாவின் மீன்பிடிக் கப்பலோடு மூழ்கியவர்களைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறாயே, அந்த ஒலிநாடா எங்கள் மீன் ஆலை விடுதியில் கைமாறிக் கைமாறித் தேய்ந்துவிட்டது. துருப்பிடித்த குரல் என்று இசைப்பள்ளியில் உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். நானும் ஆசிரியை வேலைக்குப் போ என்று கிதாரை ஒளித்தவள்தான். அந்தக் குரலில் உன் அப்பா பெயரைக் கேட்டதும் மீன் வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று வருடமாக இங்கே யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை. கப்பல் மூழ்கியதாகச் செய்தித்தாளில் ஒரு வரிகூட வர விடவில்லை.

போன வியாழக்கிழமை ஆலைக் கூட்டத்தில் மேலாளர் அர்ஹீப் ல்வோவிச் ஒரு காகிதத்தை நீட்டினார். மகளின் பாட்டு பொய், அதற்காக வெட்கப்படுகிறேன் என்று நானே எழுதியதாக அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்துதானே, க்லாவ்தியா பெத்ரோவ்னா. போட்டுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார்.

"கையெல்லாம் மீன் செதிலு. உங்க காகிதம் பாழாயிடும்" என்றேன். பின்வரிசையில் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படியானால் மேடையேறி வாசியுங்கள் என்றார்.

ஏறினேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உன் பாட்டிலுள்ள பெயர்களைச் சொன்னேன். எனக்கு ராகம் வராது, உனக்குத் தெரியும். வருகைப் பதிவு எடுப்பதுபோலத்தான் சொன்னேன். நான்காவது பெயருக்கு ஒரு மனைவி எழுந்து நின்றாள். அடுத்ததற்கு ஒரு தாய். விளக்கை அணைக்கச் சொன்னார் மேலாளர். இருட்டிலும் சொல்லி முடித்தேன்.

என்னைக் குளிர்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். சட்டைமேல் சட்டை போட்டுக்கொள்கிறேன். அதற்காக நீ அங்கே உட்கார்ந்து அழாதே.

பெயர்கள் வரும் சரணத்தை எடுத்தால்தான் மேடை என்று அங்கே கச்சேரி நடத்தும் அதிகாரிகள் உன்னிடம் பேரம் பேசுகிறார்களாமே, ரீம்மா சொன்னாள். எடுக்காதே. மேடை இல்லையென்றால் யார் வீட்டுச் சமையலறையிலாவது பாடு.

இன்னொன்று. நீ பாடுவது பதினொரு பெயர். கப்பலில் போனது பன்னிரண்டு பேர். கடைசி நாளில் வேலைக்கு ஏறிய சமையல்காரர் யெஃபீம் ஸாவினை விட்டுவிட்டாய். நேற்று அவர் மனைவி என் வாசலில் வந்து நின்றாள். "என் ஆளை மட்டும் ஏன் விட்டுட்டா உன் பொண்ணு?" என்று கேட்டாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

மெட்டு இடிக்கும் என்று சொல்லாதே. மெட்டை உடைத்தாவது அவரைச் சேர். நீ நெடுநாள் பாட வேண்டும், மகளே.

உன் அம்மா,
க்லாவ்தியா