அறுந்த இழைக்கு ஒரு படம்

மார்ச் 4, செவ்வாய்

அறிக்கை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவை. அந்த ஆறு மாடிக் கட்டடத்து லிப்ட்தான். பெட்டியைத் தூக்கும் இரும்பு வடத்தில் இழைகள் அறுந்து துருத்திக்கொண்டு நிற்கின்றன. என் கண்ணால் பார்த்தேன், கையுறையில் குத்தியது. பதினேழு வருஷமாக லிப்ட் பரிசோதகராகக் குப்பை கொட்டுகிறேன், என் வார்த்தை போதாதாம். “படம் கலங்கியிருக்கு. தெளிவா இருந்தாத்தான் லிப்டை நிறுத்தச் சொல்லி லெட்டர் போட முடியும்” என்கிறார் மேலாளர். நாற்காலியை விட்டு எழுந்திருக்காத மனுஷன். ஒரு நாள் அந்தப் பெட்டிக்கு மேலே ஏற்றிவிடணும் இவரை!

மார்ச் 5

ஃப்ளாஷ் போட்டால் வடத்தில் இருக்கிற கிரீஸ் பளீரென்று வெள்ளையடிக்கிறது. போடாவிட்டால் இருட்டு, கலங்கல். ஸ்டாண்ட் வைக்க அங்கே இடமேது? கையில் பிடித்துத்தான் எடுக்கணும். இந்தப் போன் சுத்த தண்டம்.

மார்ச் 7

கையடக்கமாக ஒரு கேமரா வாங்கப் போகிறேன் என்று வாய் திறந்தது தப்பு. கொழுந்தன் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தான். பட்டப்பகலில் குருவியைப் படம் பிடிக்கிறவன். “அண்ணி, ஜூம்தான் முக்கியம்.” ஒரு சாண் தள்ளி இருக்கிற வடத்துக்கு ஜூம் எதுக்குடா? இவர் பேப்பருக்குப் பின்னால் சிரிக்கிறார். நல்லா வந்து வாய்ச்சீங்கப்பா, அண்ணனும் தம்பியும்.

மார்ச் 8, சனி

கேமரா கடைக்காரர் ஒருவர்தான் உருப்படியாகப் பேசினார். “ஜூமை விடுங்க மேடம். லென்ஸோட வாய் அகலமா இருக்கணும், உள்ளே சென்சார் பெரிசா இருக்கணும், கை ஆட்டத்தைத் தாங்கணும்.” இரண்டு நாள் வைத்துப் பாருங்கள் என்று ஒன்றைக் கொடுத்தார். சட்டைப் பையில் அடங்குகிறது.

மார்ச் 10

இருபத்திரண்டு படம். இருபத்திரண்டும் கலங்கல்.

பெட்டி ஆடுகிறது, வேறென்ன? இறங்கி வந்தபோது கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி லிப்டுக்குள் போனாள். படியில் போங்கம்மா என்றேன். “நாலு மாடி! நீங்க தூக்கிட்டு வர்றீங்களா?” குடியிருப்புச் செயலாளரிடம் போய்க் கத்தினேன். “ஓடிட்டுத்தானே இருக்கு? ஆபீஸ் லெட்டரோட வாங்க” என்கிறார். ஓடிட்டு இருக்காம்! அறுந்து விழுற வரைக்கும் எல்லாம் ஓடிட்டுத்தான்யா இருக்கும்.

மார்ச் 11

கடைக்காரரோடு சண்டை. மட்டமான சாமானை என் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன், நாலு பேர் முன்னால். அவர் பின்னறைக்குக் கூட்டிப்போய், ஒரு விளக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்தார். அலமாரியில் இருந்த அட்டைப்பெட்டியைப் படம் எடுத்தார். அதே கேமரா. பெட்டியில் இருந்த பொடி எழுத்துகூடத் தெளிவு.

“இப்ப நீங்க.”

எடுத்தேன். கலங்கல். மறுபடியும் எடுத்தேன். கலங்கல். அந்தக் கடைத் தரை ஆடவில்லை.

“கோபமா இருக்கீங்க, அதான்” என்றார். நான் தப்பிக்க வழி விடுகிறார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 12

இனிமே யார் மேல கோபப்படுறது? சொல்லேன் — யார் மேல?

மார்ச் 13

அதே கேமராவை வாங்கிவிட்டேன். என்னோடு வேலை செய்கிற பரிசோதகரைக் கூட்டிப்போனேன். எதிலும் நிதானம், ஆமை என்று பெயர் வைத்ததே நான்தான். “நீங்க எடுங்க” என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. ஒரே படம். அறுந்த இழை ஐந்து, எண்ணிவிடலாம். மத்தியானமே லிப்டை நிறுத்தியாச்சு. செயலாளர் ஆறாவது மாடியில் இருக்கிற தன் வீட்டுக்குப் படியேறிப் போய், அங்கிருந்து போன் போட்டு மூச்சிரைக்க என்னைத் திட்டினார். திட்டட்டும்.

மார்ச் 18

நரம்பு மருத்துவர் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினேன்.

“எத்தனை நாளா இப்படி?”

“போன வாரம்தான் டாக்டர் கவனிச்சோம்” என்றார் கூட வந்த என் வீட்டுக்காரர், என்னை முந்திக்கொண்டு.

“எட்டு மாசமா” என்றேன்.

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். இந்த நோட்டில்கூட நான் அதை எழுதியதில்லை.