எட்மண்டன் தெருவில் உம்முடைய கவிஞர்

நண்பரே,

இன்று பின்னேரம் லண்டன் எட்மண்டன் தெருவில் கார் ஹோர்ன்கள் காதைப் பிளந்தன. யன்னலைத் திறந்தால் சிவப்புத் துணியில் கறுப்பு இரட்டைத்தலைக் கழுகு. உங்கள் அல்பேனியக் கொடி. உங்கள் இனம் வாழும் கொசோவோ தனிநாடாகிவிட்டதாம். போன மார்கழியில் கண்ணை மூடினீரே, இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா ஐயா என்று உம்மோடு கோபப்பட்டேன்.

பேக்கரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாணுக்கு மா குழைத்த காலத்தில் உம்முடைய வாயில் ஒரே கவிஞர்தான். நூறு வருடங்களுக்கு முன், துருக்கிச் சுல்தானின் ஆட்சியில் உங்கள் மொழியில் பாடம் சொல்லிக் கொடுத்தாலே சிறை. அவரோ வேற்று நாட்டில் இருந்துகொண்டு பாலர் பாடநூல் எழுதினார். இடையனுக்கும் உழவனுக்கும் பாட்டு எழுதினார். கோவேறு கழுதைப் பொதிக்குள் ஒளிந்து அவை ஊர் சேர்ந்தன. "பள்ளிவாசலுக்குப் போனவனும் தேவாலயத்துக்குப் போனவனும் ஒரே பாட்டைப் பாடமாக்கினான், அண்ணை. அதற்குப் பிறகுதான் நாங்கள் ஒரு இனம்" என்பீர். அந்த 'அண்ணை' பேக்கரியில் எங்கள் தமிழ்ப் பெடியளிடம் நீர் பிடித்துக்கொண்டது.

நீர் அந்தப் பாட்டை ஆங்கிலத்தில் பிய்த்துப் பிய்த்துச் சொல்ல, நான் தமிழாக்கினேன். எங்கள் கவியரங்குக்கு வந்து படியும் என்று கேட்டபோது தலையை இடமும் வலமுமாக ஆட்டினீர். எனக்கு வியப்பில்லை. முன்பு ஒரு நூலகத்தில் நீர் படித்தபோது கேட்டவர்கள் மரம்மாதிரி இருந்தார்களாம். இனி எங்கும் படிப்பதில்லை என்றிருந்தீர். "மனுசன் மாட்டன் எண்டிட்டார்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பார்த்தால், கோட்டும் சூட்டுமாக மண்டப வாசலில் நிற்கிறீர்! உங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் 'ஓம், வருகிறேன்' என்று அர்த்தமாம்.

பாட்டின் முதல் நான்கு வரியை உம்முடைய மொழியிலேயே சொல்ல, மா குழைக்கும்போதே என்னைப் பழக்கியிருந்தீர். மேடையில் சொன்னேன். பிறகு நீர் படிக்கப் படிக்க நான் தமிழில் சொன்னேன். சபை ரசித்துத் தலையாட்டியது, நம்மவர் வழக்கப்படி இடமும் வலமுமாக. "ஐயோ, இன்னொருக்காப் படியுங்கோ!" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். நீர் கண்கலங்கி என் காதோடு, "எல்லாரும் ஓம் என்கிறார்கள், அண்ணை" என்றீர். அன்று நம்மை மேடையை விட்டு இறங்கவே விடவில்லை.

இன்று வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கினேன். கொடி பிடித்த கூட்டத்தின் நடுவே நின்று, யாழ்ப்பாண நாக்கால் அந்த நான்கு வரியைச் சொன்னேன். எல்லாரும் திகைத்துப் பார்த்தார்கள். பிறகு ஐந்தாவது வரியைத் தெருவே சொன்னது. காருக்குள் இருந்த பெண்கள், சலூன்கடைக்காரர், தோளில் ஏறியிருந்த குழந்தைகள்கூட. அதற்கு மேல் எனக்கு அல்பேனிய மொழியில் தெரியாது. அவர்கள் முழங்க முழங்க, நாம் ஆக்கிய தமிழில் நானும் கடைசி வரிவரைக்கும் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. உம்முடைய கவிஞரை என்னிடம் விட்டுப் போயிருக்கிறீர் ஐயா, பத்திரமாக இருக்கிறார்.