ஐந்து ஸ்டாரைக் கிழித்தவனுக்கு

கிழிக்கச் சொன்னதே நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுச் செத்துப் போயிருக்கிறாய். வேடிக்கைக்குச் சொன்னேன். கிழித்தது உன் நகம். இன்று காலையில் பக்கத்துக் கடைக்காரன் கருகிய மோட்டாருக்குத் தீ வைத்தான். வார்னிஷ் எரிகிற நாற்றம் மூக்கில் ஏறியதுமே உன் மூஞ்சி வந்து நிற்கிறது. இப்போதும் என்னை வேலைபார்க்க விடமாட்டாய் போல.

ராஜபாளையத்தில் எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற எல்லாரும் அப்படித்தான் செய்தோம். கருகிய கம்பி லேசில் வராது, கொளுத்தினால் உருவிக்கொண்டு வரும். நான் எட்டாம் வகுப்போடு நின்றேன். என் பெஞ்சில் இருந்த நீ மேலே படித்து மின்சார ஆபீசில் ரிட்டயர் ஆனாய். வீட்டில் சும்மா இருந்தாயா? கரண்டு மிச்சம் காட்டுகிற ஸ்டார் ஸ்டிக்கர் பார்த்து மோட்டார் வாங்குங்கள், வீட்டுச் சூடு குறைய மொட்டைமாடிக்கு வெள்ளை ஓடு பதியுங்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கூட்டம் போட்டுப் பேசினாய். அங்கே ஆள் சேர்ந்ததே ஃபேன் காற்றுக்குத்தான்.

"தீ வச்சா உள்ள இருக்க இரும்புத் தகடு கெட்டுப்போகும்லே. பொறவு எம்புட்டு நல்லாக் கட்டினாலும் கரண்டக் கூடத்தான் திங்கும். அது மேல அஞ்சு ஸ்டார் இருந்தா பொய் சர்டிபிகேட்டு" என்பாய்.

"வெவசாயிக்குக் கரண்டு ஓசி. அவனுக்கே வலிக்கல, ஒனக்கு எங்க வலிக்குது?"

"ஓசியாக் குடுத்தாலும் எங்கயோ கரிய எரிச்சுத்தாம்லே வருது."

சுந்தரபாண்டியத்து விவசாயி ஒருவர் நான் கட்டிவைத்த மோட்டாரை எடுக்க வந்த அன்று மீட்டரோடு வந்து நின்றாய். ஓடவிட்டு அளந்தாய். ஸ்டிக்கரில் போட்டிருந்ததைவிடக் கரண்டு கூடக் காட்டியது. "தைரியம் இருந்தா ஸ்டாரக் கிழிலே பாப்போம்" என்று சிரித்தேன். கிழித்துவிட்டாய்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்ப வருசா வருசம் எரியுதது எங்க கெணத்துக் கோளாறு இல்லையா அண்ணாச்சி? நீங்க சுட்டுத் தாரதுதானா?"

மோட்டாரை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை. அந்த ஊரிலிருந்து யாரும் வரவில்லை.

உன்னைப் பொய்யனாக்கவே ஒரு மோட்டாரைத் தீ வைக்காமல் பிரித்தேன். ஒரு பக்கக் கம்பியை உளியால் வெட்டி, மறுபக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக இழுத்தேன். இரண்டு நாள். கட்டைவிரல் தோல் போயிற்று. கட்டி ஓடவிட்டால், சனியன், குறைவாகவே தின்றது. மேலே கை வைத்தேன், சுடவில்லை. அன்று வந்த கோபம் நீ ஸ்டாரைக் கிழித்தபோதுகூட வரவில்லை.

அந்த வாரமே நீ வந்தாய். கடைக்குள் ஏறாமல் ரோட்டிலேயே நின்றாய்.

"வார ஞாயித்துக்கெழம கூட்டம். காயில் கட்டுதவன் ஒருத்தன் எந்திரிச்சுச் சொன்னாத்தாம்லே மத்தவன் கேப்பான். நான் சொன்னா ஆபீசர் பேச்சுங்கான். வாரியா?"

வருகிறேன் என்றுதான் வாயைத் திறந்தேன். "சுண்டல் போடுவியா?" என்று வந்தது.

நீ திரும்பி நடந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் உன்னைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டமும் நடக்கவில்லை.

முதலில் கேலி, பிறகுதான் நிஜம் என்பது என் வழக்கம். சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்கு அது தெரியாதா? செத்த நேரம் நின்றிருந்தால் உன் கால் என்ன தேய்ந்தா போயிருக்கும்?

"ஏலே, நில்லு" என்று அன்று உன் முதுகைப் பார்த்துக் கத்தினேன். "தீ வைக்காம ஒண்ணு கட்டிப் பாத்தேன். நீ சொன்னதுதான்..."

நீ சேத்தூர் பஸ்ஸுக்குக் கைகாட்டிக்கொண்டே போய்விட்டாய்.