தானாக நின்றுவிடும் குழாய்

மகோக்வே, புலவாயோ
ஜனவரி, ஞாயிறு மாலை

அன்பு மகள் நொமாகுகுவுக்கு, எங்கள் குகுவுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் ஏதோ இருக்கிறோம், நீ அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் என்ன கடிதம் என்பாய், போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள், அவளைப் பற்றி அவள் எதிரில் எப்படிப் பேசுவது, அதனால்தான் இங்கிலாந்து கிளம்புகிற போதகர் மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புது வருஷத்துக்குக் குழாய் வேலையெல்லாம் முடிந்தது. கூரைத் தண்ணீர் டிரம்மில் விழும்படி தகரம் அடித்தாச்சு, கக்கூஸ் தொட்டி ஒழுகலும் நின்றது. வெளியே மழை கொட்டுகிறது, குழாயைத் திறந்தால் காற்று, நாள்கணக்கில் தண்ணீரை நிறுத்திவிடுகிற இந்த ஊர் லட்சணம் உனக்குத் தெரியாததா. தண்ணீர் வந்துவிட்டதா என்று நொடிக்கொரு தரம் திறந்து பார்ப்பது அம்மாவின் பழக்கம், ஞாபகம் இன்னும் குறைந்துவிட்டதால் இப்போது மூட மறந்துவிடுகிறாள். கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் சர்ச்சில் இருந்தபோது தண்ணீர் வந்து, வீடு முழுக்கக் குளம், சோள மாவு மூட்டை கூழாகிப்போனது. அப்போதுதான் நீ சொன்னாய், நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் அழுத்தினால் கொஞ்சம் ஓடித் தானாக நின்றுவிடுகிற குழாய் இருக்கிறது என்று. நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். குழாய்க்காரன் டுமிசா வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, இனிமே வெள்ளமே வராது பெரியவரே, நிம்மதியா தூங்குங்க என்றான். நிம்மதியாம் நிம்மதி!

அம்மா அழுத்துகிறாள், தண்ணீர் வருகிறது, நின்றுவிடுகிறது. ஐயோ தண்ணி போயிடுச்சு என்று ஓடி வருகிறாள். இந்த ஊரில் வேறு என்ன நினைப்பாள்? நான் முதலில் சிரித்தேன், பாவி. அப்புறம் பார்த்தால் சட்டி, டம்ளர், பூந்தொட்டி, என் சர்ச் ஷூ எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள். அடுத்த வீட்டு மாமோயோவின் கேட்டைத் தட்டி, இருக்கிற தண்ணியைப் பார்த்துச் செலவு பண்ணு என்று எச்சரிக்கை வேறு. என்ன குகு அப்பா, உங்க வீட்டுக்காரி எங்களைக் காய வச்சே கொன்னுடுவா போலிருக்கே என்று மாமோயோ கேலி பண்ணினாள், பண்ணிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா குளிக்க மாட்டேன் என்றாள், போகட்டும் என்று விட்டேன். குடிக்கவும் மாட்டேன் என்கிறாள் மகளே. உதடு வெடித்து, மயங்கி விழுந்து, கிளினிக்கில் டிரிப் ஏற்றினார்கள், இன்னொரு தடவை இப்படி வந்தால் கிட்னி தாங்காது என்று நர்ஸ் என்னைத்தான் திட்டினாள். உடனே டுமிசாவைக் கூப்பிட்டுப் பழைய குழாய்களையே மாட்டச் சொன்னேன். தண்ணீர் வந்த அன்று திறந்துவிட்டு, பாரு, நிக்காம ஓடுது பாரு என்று காட்டினேன். பார்த்தாள். ஓடும்போதே பிடிச்சு வை என்றாள். குழாயைக் கழற்றிவிட்டோம், அந்தப் பயத்தைக் கழற்ற முடியவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை, நீ சொன்னது அந்த ஊருக்குச் சரி. யாருக்காகத் தண்ணீர் சேர்க்கிறாள் என்று அம்மாவைக் கேட்டால், குகு ஸ்கூல்ல இருந்து வெயில்ல வருவா, வந்ததும் தண்ணி கேப்பா, அவ குடிச்சப்புறம் நான் குடிக்கிறேன் என்கிறாள். மேசைமேல் ஒரு டம்ளர் தண்ணீர், மேலே தட்டு மூடி வைத்திருக்கிறாள், யாரையும் தொட விடுவதில்லை. ஒரு நாள் நானே அதைக் குடித்துவிட்டு, குகு வந்து குடிச்சுட்டா என்றேன். அப்ப அவ எங்கே என்று கட்டிலுக்கு அடியில்கூடத் தேடி அழுதாள். அந்தப் பொய்யை இனிச் சொல்ல மாட்டேன். இப்போது மாமோயோவும் நானும் ஸ்பூன் ஸ்பூனாகக் கெஞ்சிக் கெஞ்சிக் கொடுக்கிறோம், பாதியைத் துப்பிவிடுகிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது.

அங்கே எத்தனையோ பேருடைய அம்மாக்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறாய், ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாய், ஈஸ்டர் வேண்டாம், இப்போதே வா. போனில் உன் குரலைக் கேட்டு யாரோ டீச்சர் பேசுறாங்க என்கிறாள், உன் முகம் அவளுக்குத் தெரியுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறக்காதே, வந்ததும் என்னைப் பார்த்து நிற்காதே, நேரே அவள் எதிரில் போய் அந்தத் தண்ணீரை எடுத்துக் குடி.

உன் அப்பா,
ம்லுலேகி சிபாண்டா