மெர்கோங் ஆலையில் தலைவர் தேர்தல்

அன்புள்ள அழகம்மாவுக்கு, முருகையா எழுதுவது. நான் சுகம். உனக்கும் குழந்தை வாசுகிக்கும் காய்ச்சல் விட்டதா?

ஞாயிறன்று ஆலையில் இந்திய விடுதலைச் சங்கக் கிளைக்குத் தலைவர் தேர்தல் நடந்தது. ஜப்பான்காரர்கள் எதிரிலேயே கைதூக்கச் சொன்னதால் அவர்களுக்குக் கூலியாள் பிடித்துத் தரும் மண்டோர் ராமையா ஜெயித்தார். இந்தியாவை மீட்கப் போகிறவர் முதலில் நம் ஆட்களைக் காக்க வேண்டாமா? சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிள்ளைக்காரர்களை அனுப்பக் கூடாது என்று எதிர்த்து நின்ற அப்பளசாமி அண்ணனுக்கே நான் கைதூக்கினேன்.

“நல்ல பலமான கை தம்பி, தண்டவாளம் தூக்கத் தோதா இருக்கும்,” என்றார் ராமையா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இன்று அப்பளசாமி அண்ணனையும் என்னையும் சயாமுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம்தானாம், பயப்படாதே. நாளைக்கே மறுபடி தேர்தல் வைத்தாலும் அண்ணனுக்குத்தான் தூக்குவேன்.

கம்பளியும் மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரையும் இதைக் கொண்டுவரும் லாரிக்கார அய்யாவு அண்ணனிடம் கொடுத்தனுப்பு. வியாழனன்று ரயிலேற்றுகிறார்கள். வாசுகி நடக்கிறாளா என்று அவரிடம் சொல்லிவிடு. லாரியைக் கிளப்பிவிட்டார்.