முந்தானையில் வந்த மண்

ஜனவரி 19

தறியில் புதுப் பாவு நூலைப் பிணைக்க உட்கார்ந்தேன். மனம் ஒட்டவில்லை. எங்கள் குலதெய்வம் கோயிலைப் புதிதாகக் கட்டுகிறார்கள். முன்னோர் முதன்முதலில் எந்த ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்துக் கிளம்பினார்களோ, அந்த மூல ஊரிலிருந்தே இங்கே ஆரணிக்கு மறுபடி மண் வர வேண்டும். எந்த ஊர் என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. காஞ்சிபுரம் என்கிறார் கோயில் சங்கத் தலைவர் லோகநாதன் சித்தப்பா. ராஜா கூப்பிட்டுப் பல்லக்கில் வந்தோமாம். எந்த ராஜா என்று கேட்டேன். முறைத்தார்.

ஜனவரி 26

பெரணமல்லூர் போனேன். அங்கேயும் எங்கள் அம்மன் இருக்கிறாள். ஆரணிக்கு மண் இங்கிருந்துதான் போனது, இங்கே வந்தது தெள்ளாரிலிருந்து என்றார் பூசாரி. பஞ்சத்தில் தறிச் சாமான்களைத் தலையில் சுமந்து நடந்தே வந்த கூட்டமாம். பல்லக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் பெருமையாக இருந்தது.

ஜனவரி 27

சங்கத்தில் சொன்னேன்.

"கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் புருசன் வூட்டு சாமிதான். நீ ஏம்மா இதுல பூந்துகினு கீற?" என்றார் சித்தப்பா.

தம்பி சுதாகர் குனிந்து செல்போனை நோண்டினான். தாலி ஏறினால் பிறந்த வீடு இல்லாமல் போய்விடுமா?

பிப்ரவரி 2

நான் கண்டுபிடித்த ஊருக்கு வேன் வைத்துப் போயிருக்கிறார்கள். ஆம்பளைங்க மட்டும். போகட்டும்.

பிப்ரவரி 3

வெறுங்கையோடு திரும்பிவிட்டார்கள்! தெள்ளாரில் சொம்பில் மண் கொடுப்பதில்லையாம். அந்த வம்சத்தில் பிறந்த பெண் முந்தானை ஏந்த வேண்டும், மருமகள் கூடாது. முதன்முதலில் மண் போனதும் ஒரு மகளின் முந்தானையில்தானாம். எங்கள் வம்சத்தில் பிறந்த மற்றப் பெண்களைக் கேட்டிருக்கிறார்கள். சசிகலாதான் போகணும் என்று எல்லாரும் ஒரே பேச்சாக என் பேரைச் சொல்லிவிட்டார்கள்.

சுதாகர் வந்தான். "அக்கா, வேன் நிக்குது. ஜல்தியா கெளம்பு."

"வரேன். ஆனா மண்ண எடுத்துகினு நடந்துதான் திரும்புவேன். அவங்க வந்த வழியா."

பிப்ரவரி 8

பெரணமல்லூர். நல்ல நாள் பார்த்து நேற்றுக் காலைதான் தெள்ளாரில் மண் கொடுத்தார்கள்; முந்தானையில் முடிந்துகொண்டு நடக்கிறேன். காலெல்லாம் கொப்புளம். வேன் பின்னாலேயே ஊர்ந்து வருகிறது. ஏற மாட்டேன்.

பிப்ரவரி 9

ஆரணி வந்துவிட்டேன். காலையிலேயே சித்தப்பா வேனிலிருந்து இறங்கி என் பின்னால் நடந்தார். கோயிலில் குழி தயாராக இருந்தது. மண்ணை யார் போடுவது என்று எங்கள் பூசாரி கேட்டார். எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள்.

"எங்க வூட்டுப் பொண்ணு," என்றார் அவர்.

முடிச்சை நானே அவிழ்த்தேன்.